கறிக்குப் பக்கத்தில் வைத்த கம்ப்யூட்டர்

தௌரென்,

பால்கனியில் உறைய வைத்த குதிரைக் கறி உருகிவிட்டது. வேகம் கூட்டிய உன் கம்ப்யூட்டரை கராகண்டா ஊர்ப் பனியில் ஆறவிடுகிறேன் என்று பக்கத்தில் வைத்து, பால்கனிக் கண்ணாடியையும் மூடிவிட்டாய். அதன் சூடுதான். இன்றே வேகவை, மாலையில் உன் அம்மா வருகிறார்.

அதை அணைத்து, கண்ணாடியைத் திறந்து குளிரில் சில்லிடவிட்டு, உள்ளே வைத்திருக்கிறேன். வீட்டுச் சூட்டில் மதர்போர்டு வேர்த்திருக்கிறது. காயாமல் ஆன் பண்ணாதே.

நேற்று, “தலை கொதிக்குதுப்பா” என்றேன். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், “இரு, ப்ராசஸர் எண்பது டிகிரியைத் தொடுது” என்றாய். உன் கம்ப்யூட்டர் மகாராணி, அவளுக்கு மூன்று விசிறி. எனக்கு ஓர் ஈரத்துணிகூட இல்லை.

இதைக் கதவில் ஒட்டிவிட்டு டாக்டரிடம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

ஷோல்பான்

பின்குறிப்பு: தெர்மாமீட்டரை உன் கீபோர்டின் மேல் வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான் வந்ததும் முதலில் என் சூட்டைப் பார், அப்புறம் அவளுடையதை.