உன் பழைய லேப்டாப் விஷயமா

மகாராணிக்கு,

அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்பல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். தைச்ச சட்டையெல்லாம் கொடுத்துட்டு மதியம் வந்துடுவேன்.

லேப்டாப் ரிப்பேர்க்காரர் காலையில வருவார். நேத்து நீ புதுசு வாங்கணும்னதும் நான் வள்ளுனு விழுந்தேன். கஞ்சன்னு நினைச்சிருப்பே. அது இல்ல. ஹார்ட் டிஸ்க்கை மாத்தினா பழசே பறக்கும்ங்கிறார். மாத்தட்டும். கீபோர்டையும் மாத்தட்டும். பேட்டரியில மட்டும் கை வைக்க வேண்டாம்னு சொல்லிடு.

ஏன்னு கேப்பே. சார்ஜ் நிக்காததாலதானே என் தையல் மெஷினை ஒட்டின பிளக்ல சொருகிட்டு, சாயங்காலம் பூரா என் பக்கத்துலயே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறே? சார்ஜ் நின்னா மாடிக்குப் போயிடுவே.

மெஷின் சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லு, மெதுவா மிதிக்கிறேன்.