கடலிலிருந்து நம் வீடு

என் அருமை நைனா,

நீ போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது. நின்று கேட்க இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

இப்போது மீஞ்சூரில், என் மகன் முரளியோடு இருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவனும் மருமகள் கவிதாவும் வேலைக்குப் போகும்போது வாசல் கம்பிக் கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். மழைக்காலத்தில் நான் படியில் விழுந்ததிலிருந்து இப்படி. என் நல்லதுக்குத்தானாம். சின்ன வயதில் நான் தங்கிப் படித்த கான்வென்ட் விடுதியில்கூட சனிக்கிழமை கேட்டைத் திறப்பார்கள். நீ மீன் வாசனையோடு வந்து நிற்பாய். நான் தலை நிமிர்ந்து உன் பக்கத்தில் நிற்பேன். இங்கே எனக்காக யார் வந்து நிற்கப்போகிறார்கள்?

பொழுது போகட்டும் என்று கவிதா வாட்டர்கலர் வாங்கித் தந்தாள். பொழுதைப் போக்குவதற்காக நான் எதையும் செய்ததில்லை, உனக்குத் தெரியும். லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் வளர்ந்த இடங்களை வரைந்தேன். அம்மா நெத்திலி காயவைத்த மணல், குடிதண்ணீருக்குத் தோண்டிய ஊற்று, ஏரியைக் கடக்கப் படகுக்குக் காத்து நின்ற கரை. வெயிலுக்கு வெள்ளைச் சாயம் பூசமாட்டேன். தாளின் வெள்ளையையே விட்டுவைப்பேன். தப்பானால் அழிக்க முடியாது. அந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு படம்தான் பாக்கி. கடலிலிருந்து பார்த்தால் தெரியும் நம் வீடு; நீ திரும்பும்போதெல்லாம் கண்ட கரை. பெண் கால் படக்கூடாது என்று கட்டுமரத்தில் என்னை ஒருநாளும் ஏற்றவில்லையே நீ! கரையில் நின்று நீ வருவதைத்தான் பார்த்தேன். உன் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிந்தோம்? அம்மாவின் புடவை நிறம் அத்தனை தூரத்துக்குத் தெரியுமா? காணாததை நான் வரையமாட்டேன்.

போன ஞாயிறு தம்பி மகன் சேகர் கருவாட்டோடு வந்தான். நம் வீட்டில் இப்போது அவன்தான் இருக்கிறான். அவனிடம் சொன்னேன்.

“இன்னா அத்தே, இதுக்குப் போயி! வா, ஃபைபர் போட்ல இட்டுனு போறேன்.”

“பொம்பளை ஏறலாமாடா?”

“இஞ்சின் வச்ச போட்டு அத்தே. டீசல் ஊத்துனா ஓடும். யாரு குந்திக்கினு கீறாங்கனு கேக்காது.”

நான் சிரித்துவிட்டேன். முரளி சிரிக்கவில்லை.

“படி எறங்கவே ரெண்டு பேர் புடிக்கணும், போட்ல ஏத்தறானாம். அம்மா, அவன் போன்ல வீடியோ புடிச்சி அனுப்பட்டும். அதப் பாத்து வரஞ்சிக்கோ.”

சேகர் அனுப்பினான். அலையில் படம் ஆடுகிறது. கரை ஒரு நூல்போலக் கிடக்கிறது. அது அவன் போன் கண்டது. நான் கண்டதல்ல.

என்னைத் தூக்கி இறக்கவும் சேகர் தயார். மூட்டையைப் போலவா நைனா? அதற்கு நான் சம்மதிப்பேனா?

இன்று காலை கவிதா குப்பை கொட்டப் போனபோது கேட் திறந்திருந்தது. கஞ்சி போட்ட புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தேன். பிறகு அடுத்தது. தவழும் குழந்தை இறங்குவதைப் போல. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்தவள், என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டாள். முகம் எரிந்தது. நிறுத்தவில்லை. மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டியது.

கவிதா காலி வாளியோடு ஏறி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க அத்தே கெளம்பிட்டீங்க?”

“கடலுக்கு.”

வாளியைக் கீழே வைத்தாள் அவள். பிறகு, “இன்னிக்கு இம்மாந்தூரம் போதும். எனக்கு ட்ரெயின் போயிடும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் எறங்கலாம்” என்றாள். ஏறுவதற்குக் கை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். என்னை உள்ளே விட்டு, வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நைனா, காற்று மாறிக் கடல் கொந்தளிப்பதற்குள் தெருவரை இறங்கிவிடுவேன். சேகரைக் கடலில் போட்டைத் திருப்பி நிறுத்தச் சொல்லி, அந்தக் கரையை என் கண்ணால் பார்ப்பேன். அதுவரை அந்தத் தாளில் ஒரு சொட்டு நிறம் விழாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

படகேறப் போகும்
உன் மூத்த மகள்