சார் சௌக்கியமா?

என்னங்க,

மழை ஆரம்பிச்சிடுச்சு. இந்தத் தடவையும் நீங்க படுக்குற பக்கம்தான் ஒழுகுது. வாளி வெச்சிருக்கேன். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தா, அந்தத் தண்ணியோட வெளிச்சம் மேல போய் ஆடுது. குளத்துக்கு அடியில குடியிருக்கிற மாதிரி இருக்கு.

இன்னைக்கு வீட்டு ஓனர் வந்தார். வருஷா வருஷம் வாடகை ஏத்த வருவாரே, அதுக்குத்தான். சட்டத்தை எனக்குப் படிச்சுச் சொன்னதே நீங்கதான்: ஒரே ஆள் பேர்ல வாடகைக்கு இருக்கிற வரைக்கும் கொஞ்சமாத்தான் ஏத்தலாம், பேர் மாறினா அவர் கேக்குறதுதான் வாடகை. பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவங்க கொடுக்குறதைக் கேட்டு எனக்கே தலை சுத்துது. அவருக்குச் சுத்தாதா? அவர் சட்டைக் காலரும் நைஞ்சுதான் கிடக்கு.

அதனால காலையிலேயே உங்க ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசல்ல வெச்சேன். அவர் அதை மிதிச்சிடாம சுத்தி உள்ள வந்தார். வாளியைப் பார்த்தார். இந்த வாடகையில கூரையைச் சரி பண்ண அவருக்கு ஏது வழி?

"சார் சௌக்கியமா?"ன்னார்.

"நல்லா இருக்கார். இப்பத்தான் வெளிய போனார்."

"வந்ததும் நான் விசாரிச்சதாச் சொல்லுங்கம்மா."

சொல்லிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோம், ரெண்டு பேரும் சேர்ந்து. போகும்போது குனிஞ்சு, உங்க ஷூ நனையாம உள்ள தள்ளி வெச்சார்.

உங்களைப் புதைச்ச அன்னைக்கும் மழைதான். கடைசி வரைக்கும் உங்களுக்குக் குடை பிடிச்சது இந்த மனுஷன்தாங்க.

இன்னும் உங்க பேர்லயே குடியிருக்கிற
உங்க பெண்டாட்டி