சிப்பாய் தின்ற சத்து மாத்திரை

உ

முத்துத்தாயி,

கோயிலிலிருந்து வந்ததும் பதறாமல் படி. நம் நாய் சிப்பாய் கட்டிலடியில் நீ வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டான். பிள்ளைத்தாய்ச்சிக்கென்று நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகள். கசக்கிறது என்றாயே என்று ராத்திரிதோறும் நான் வெல்லத்தில் பொதிந்து தந்தவை. "முழுங்கிட்டேன்" என்று நீ சொன்னதெல்லாம் இப்போது அவன் வயிற்றில்.

வாந்தி எடுக்கிறான். மாட்டாஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். "மனுசருக்குச் சத்து, நாய்க்கு விசம். கைமருந்து கொடுக்காம உடனே தூக்கிட்டு வாங்க. எத்தனை தின்னுச்சுன்னு தெரியணும்" என்றார் டாக்டர். அது உனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் சொல்ல மாட்டான்.

அடுத்த வீட்டு வீரணன் அண்ணன் சைக்கிளோடு காத்திருக்கிறார். உண்மையான கணக்கை அவரிடம் சொல்லி அனுப்பு. நேற்று மாத்திரையை முழுங்கவில்லையோ என்ற சந்தேகத்தில் பொய்க்காரி என்றேன், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். இன்று எதுவும் கேட்க மாட்டேன். மெய் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும்.

சிப்பாய்க்குத் திருநீறு பூசினேன், நக்கிவிட்டான். கிளம்புகிறேன்.

நல்லகாமன்

ரசம் மூடி வைத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: சாமி படத்தருகே இன்றைய மாத்திரை. வெல்லம் தீர்ந்ததால் வாழைப்பழத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் நாய் இல்லை, நீதான் முழுங்க வேண்டும்.