ஆசிரின் கேக்கை ஏலம் விட்ட அன்று

சபையின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் போதகர் இருந்தார், ஏலம் விட்ட சாம் இருந்தான், கிருபாபாய், ஹன்னா, நான், நீ, உன் மகன் ஆசிர். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை, மகனே. வேலைக்குச் சேர்ந்த திருப்பதி ஹாஸ்டல் சமையலறையில் அம்மா சுகம். உன் சர்க்கரை இறங்கியதா?

ஆசிருக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று பலமனேர் முழுக்கத் தெரிந்த பிறகும், பிள்ளை தன் கையால் கேக் செய்து சபைக்குக் கொண்டுவந்தான். சாம் அதைத் தூக்கிப் பிடித்து, டிவி காமெடியில் ஆடுவதுபோல் இடுப்பை ஆட்டினான். "ஆசிர் அக்கா சுட்டதுப்பா. துன்னுகினே ஆடலாம், யாரு கேக்குறீங்க?" சபையே சிரித்தது. ஒருத்தரும் விலை கேட்கவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். டிவிக்காரனுக்காவது அது பிழைப்பு. சாமுக்கு என்ன கேடு?

பெங்களூர் பஸ் ஏறும்போது ஆசிர், "கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன் ஆயா" என்றான்.

"நீ வரலன்னா நானும் அந்த வூட்டுக்குப் போவமாட்டேன்டா" என்றேன்.

என் முழங்கால் தைலத்தையும் பழைய ரேடியோவையும் அனுப்பு. இங்கே பேச்சுத்துணை இல்லை. உலை கொதிக்கிறது, முடிக்கிறேன்.

சாமை மன்னித்துவிடுவேன், அவன் அயலான். பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, முதலில் சிரித்தவன் நீ. உன்னை மன்னிக்க மாட்டேன், நேசகுமார்.