நம்ம தமிழ் தெரிந்தவர் மட்டும்

2006 ஒக்டோபர் 3, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து ஒரே மழை. நீர்த்தேக்கம் எழுந்து நடந்து மஸ்கெலியா கடைத்தெருவுக்கு வந்து, ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத்தான் போகும் போலிருக்கிறது.

சாம்ராஜ்ஜியத்தில் கூட்டமில்லை. பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்: சாம்ராஜ்ஜியம் என்பது எனது கொமியூனிகேஷன் கடை. டெலிபோன் கூண்டு இரண்டு. இருமல் வியாதி பிடித்த போட்டோகொப்பி மெஷின் ஒன்று. இன்டர்நெட் பொருத்திய கொம்பியூட்டர் ஒன்று. மகாமந்திரி, அக்கா மகள் சுகந்தி.

சுகந்தி ஏ.எல். பாஸ். கெம்பஸ் கிடைக்கவில்லை. கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்டர்நெட்டில் வேலை தேடுகிறாள். இன்று மட்டும் வந்தவை:

– கோழிப் பண்ணைக்காரன் ஒருவன். முந்நூறு கோழிக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். ஒரே பெயர் இரண்டு கோழிக்கு வரக்கூடாது. சம்பளம் அரை டொலர். பெயருக்கு அல்ல, மொத்தப் பண்ணைக்கும்.

– தொப்பிக் கம்பனி. தொப்பி போட்டதால் வாழ்வே மாறிப்போனதாக நூறு பேர் எழுதியது போல நூறு கடிதம். சம்பளம் ஒரு தொப்பி. தபால் செலவு நம்முடையது.

– எண்பது பக்கம் மொழிபெயர்ப்பு, நாளைக் காலைக்குள். முதல் எழுபத்தொன்பது பக்கம் பரீட்சைக்காம். பிடித்திருந்தால் எண்பதாவது பக்கத்துக்குக் காசு.

– ஒரு சீமாட்டி. பழைய புருஷனுக்குத் தினம் ஒரு மன்னிப்புக் கடிதம். அவர் பதில் போட்டால் மட்டும் சம்பளம்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கும் கூடைக்கும் கழிப்பார்கள். இந்த வெளிநாட்டுக் கங்காணிமார் ஆளையே கழித்துவிடுகிறார்கள். கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, போடுவார். இங்கே பேரே கிடையாது.

சுகந்தி நாற்பது கோழிக்குப் பெயர் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நாற்பதாவது கோழிக்கு என் பெயர்.

ஒக். 4, புதன்

மழை. போட்டோகொப்பி மெஷினுக்குச் சளி முற்றிவிட்டது.

மத்தியானம் சுகந்தி கூப்பிட்டுக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம். ஒலிப்பதிவைக் கேட்டு, கேட்டபடியே தட்டச்சு செய்ய ஆள் தேவை. இலங்கை மலையகத் தமிழ் தெரிந்தவர் மட்டும். யாழ்ப்பாணத் தமிழ் வேண்டாம், இந்தியத் தமிழும் வேண்டாம். பேச்சு ஒரு நிமிடத்துக்கு அமெரிக்கக் காசில் மூன்று சதம்.

மூன்று சதத்தை விடு. தோட்டத்து லயத்துத் தமிழ் என்று மூக்கைச் சுளித்த உலகமல்லவா இது! ரேடியோவில் எடுக்கமாட்டான், மேடையில் ஏற்றமாட்டான். இன்று கடல் கடந்து ஒருவன் நம்ம தமிழ்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். அட்டன் ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம் வைக்கவேண்டிய விஷயம். பேண்டு கிடைக்காததால் சுகந்திக்குப் பேக்கரியில் சுடச்சுட இரண்டு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

விண்ணப்பித்தாள். ஒரு டிகிரி கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று மட்டும் கேட்டார்கள்.

ஒக். 5, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. முதல் ஒலிப்பதிவு இறங்கிக்கொண்டிருக்கிறது. அது இறங்கி முடிவதற்குள் சாமிமலைக்கு நடந்து போய் ஒரு கல்யாணம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மாடியில் குடியிருக்கும் இங்கிலீஷ் மாஸ்டர், யாழ்ப்பாணத்து மனுசன், தானும் விண்ணப்பித்தாராம். ஒரு மணித்தியாலத்தில் நிராகரித்துவிட்டார்கள். எம்.ஏ. படித்தவர், பாவம். வாழ்க்கையில் முதன்முறையாக மஸ்கெலியாத் தமிழிடம் தோற்றிருக்கிறார். நான் ஆறுதல் சொன்ன முறை அவ்வளவு ஆறுதலாக இல்லைதான்.

அவர் சிரிக்கவில்லை. படியில் நின்றபடி சொன்னார்: "அண்ணை, உலகத்தில ஆருக்கு உங்கட தமிழ் தேவை? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ."

பொறாமை.

ஒக். 8, ஞாயிறு

மழை கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஞாயிறு என்பதால் கூண்டு இரண்டிலும் ஆள். நல்ல வசூல்.

பேசுகிறவர்கள் நேரத்தை மறந்து பேசிவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்து என் பரம்பரையைத் திட்டுவது வழக்கம். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கல்லாவிலிருந்து கூவுவேன். "ஒன்னாவது நிமிசம் ஓடிப்போச்சு!" "ரெண்டாவது நிமிசம் ரெக்கை கட்டுது!" மூன்றாவதுக்கு மூட்டை. நாலாவதுக்கு நாடகம். இப்படி ஒரு சேவை ஈரேழு உலகத்திலும் வேறெந்தக் கடையிலும் இல்லை. சின்னப் பிள்ளைகள் ரோட்டில் என்னைப் போலவே கூவுகிறார்கள். புகழ்.

பார்வதி அக்கா வந்தது. மேல் டிவிஷன், கொழுந்து எடுக்கிற அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் கொழும்பில் பலசரக்குக் கடையில் நிற்கும் ஒரே மகன் மோகனோடு பேசும். கூண்டுக்குள் போனால் தோட்டத்தில் கூப்பிடுவது போலத்தான் பேசும், டெலிபோன் இல்லாமலே கொழும்புக்குக் கேட்கும். தீபாவளிக்கு மோகன் வருகிறானாம். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொழும்பில் நம்ம பிள்ளைகளை வேனில் வந்து ராவோடு ராவாகப் பிடித்துப் போகிறார்களாமே, மெய்யா தம்பி என்று கேட்டது. மோகனை எவன் பிடித்தாலும் சோறு போட்டுக் கட்டாது, மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவான் என்றேன். சிரித்தது.

ஒக். 9, திங்கள்

மறுபடி மழை.

சுகந்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். பிறகு சொன்னாள். எல்லாப் பதிவிலும் இரண்டு பேர் பேசுகிறார்கள். தொடக்கம் வெட்டியிருக்கும், முடிவும் வெட்டியிருக்கும். எல்லாமே டெலிபோன் பேச்சு. யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ கல்யாணம், யாரோ சம்பளம் வரவில்லை என்று அழுகிறார்கள்.

நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். ஒரு மெஷினுக்கு நம்ம தமிழ் படிப்பிக்கிறார்கள், வருகிற வருஷம் நியூயோர்க்கில் ஒரு மெஷின் "என்னாங்க, சாப்ட்டீங்களா" என்று கேட்கும் என்றேன்.

புதிய கட்டளை வந்திருப்பதைக் காட்டினாள். ஆள் பெயர், ஊர் பெயர், கிழமை, நேரம் வந்தால் சிவப்பு எழுத்தில் போடவேண்டும். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

மெஷினுக்குச் சிவப்பு எதற்கு? இதற்கு விளக்கம் கைவசம் இல்லை. நாளைக்குள் ஒன்று தயாரிக்கவேண்டும்.

ஒக். 11, புதன்

மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதுகிறேன். நோர்வூட் பக்கம் எங்கோ மரம் விழுந்து கரண்ட் இல்லை.

கரண்ட் போவதற்கு முன்னால் நடந்தது. சுகந்தி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். போட்டுக் கேட்டேன்.

பொம்பளை ஒருத்தி, உரத்த குரலில். எங்கே படுக்கிறாய் ராசா என்று கேட்கிறாள். பையன் சொல்கிறான், பழைய ரூமில் அடிக்கடி வந்து விசாரிக்கிறாங்க, அதனால் இப்ப கடைக்குப் பின்னால் சாக்கு அறையில் படுக்கிறேன், முதலாளிக்கு மட்டுந்தான் தெரியும், நீ யாருகிட்டேயும் சொல்லாதம்மா. அவள், நான் யாருகிட்ட சொல்லப்போறேன் என்கிறாள்.

அப்போது பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்:

"மூணாவது நிமிசம் மூட்டையக் கட்டுது!"

ஈரேழு உலகத்திலும் வேறெந்தக் கடையிலும் இல்லாத குரல்.

"மாமா, இது ஞாயித்துக்கெழமை," என்றாள் சுகந்தி. "நான் இங்கனதான் ஒக்காந்திருந்தேன்."

என் வாழ்நாளில் ஒரு விஷயம் மிகைப்படுத்தலாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியது இதுவே முதல் தடவை.

ஒக். 12, வியாழன்

கடை திறக்கவில்லை. மழை என்று போர்டு மாட்டினேன்.

பதிவைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். உள்ளபடி அனுப்பினால் சாக்கு அறை சிவப்பில் போகும். ஆகவே மூன்றாவது வழி. நான் சொல்லச் சொல்ல சுகந்தி தட்டினாள். அம்மாவும் மகனும் ஆட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஒன்பது குட்டி.

"ஆடு ரெண்டுதான் மாமா போடும்."

சரி, இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்புக்குக் காலில் வலி. ஆள் பெயர் இல்லை, ஊர் இல்லை, கிழமை இல்லை. ஒரு சிவப்பு எழுத்து இல்லாமல் அற்புதமான காவியம். ஊரெல்லாம் என்னைப் புளுகன் என்கிறது. அந்தப் புளுகெல்லாம் இந்த ஒரு நாளுக்கான பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அனுப்பியாயிற்று. சுகந்தி கொஞ்சம் சாப்பிட்டாள்.

பார்வதி அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது அலறும், சாயந்திரத்துக்குள் டிவிஷன் முழுக்கத் தெரியும், உடனே மகனுக்குப் போன் போட ஓடும். ஞாயிறு வரட்டும், நேரில் மெதுவாக.

ஒக். 13, வெள்ளி

காலையில் பதில். நான்கு வரி. சுகந்தி வாசித்தாள்.

"உங்கள் பிரதி, இதே பதிவை எழுதிய மற்ற இருவரின் பிரதிகளோடு ஒத்துப்போகவில்லை. அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. உங்கள் கட்டணம் கழிக்கப்படுகிறது. இனி கவனமாக இருக்கவும்."

மற்ற இருவர். ராகலையில் ஒரு பிள்ளையாக இருக்கும். தலவாக்கலையில் ஒரு பிள்ளை. அங்கேயும் ஒரு மாமா நெஞ்சை நிமிர்த்தி ரோல்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பான்.

மாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நூறு வயது. தன் மொபைலை எடுத்துக் கொடுத்தார். என் கடை லைனில் பேசப் பயம்.

பத்து மணி போல மோகன் கடைக்கு அடித்தேன். முதலாளி எடுத்தார். மோகன் சாமான் கொடுக்கப் போயிருக்கிறானாம். யார் பேசுவது என்று கேட்டார்.

என் பெயர் தொண்டை வரை வந்தது. வந்து திரும்பிவிட்டது. வாய் பழக்கதோஷத்தில் வேறொன்றை எடுத்துவிட்டது. "மஸ்கெலியா பூபதிராஜா. மோகனுக்குப் பெரிய மாமா முறை." அப்படி ஒரு மனிதன் மஸ்கெலியாவில் இல்லை, பூலோகத்திலும் இல்லை. மோகன் இனி அங்கே படுக்கவேண்டாம், இன்றைக்கே வேறு இடம் பார்க்கச் சொல்லுங்க என்றேன். ராஜா உத்தரவு, சொல்லிடுறேங்க என்று சிரித்தார்.

வைத்தபிறகு மாஸ்டர் சொன்னார்: "உங்கட பேரைச் சொல்லியிருக்கலாம், அண்ணை. அந்தப் பொடியனுக்கு உங்களைத் தெரியும்தானே."

தெரியும். ஸ்கூல் விட்டு வந்து என் கடையில் மிட்டாய் திருடினவன்.

ஒக். 14, சனி

மழை விட்டுவிட்டது. வெயில் கூட. எல்லாம் கழுவி வைத்த மாதிரி. பிடிக்கவில்லை.

அட்டன் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. இல்லாவிட்டால் விடியற்காலைக் கொழும்பு ரயிலுக்கே போயிருப்பேன். மாஸ்டரின் மொபைலில் மோகன் கடைக்கு இரண்டு தடவை அடித்தோம். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

சுகந்தி கொம்பியூட்டரைத் திறந்தாள். அந்த விளம்பரமே இல்லை. கம்பனியும் இல்லை. அவள் அனுப்பியவை, அவர்கள் அனுப்பியவை, ஆட்டுக்குட்டி, எதுவும் இல்லை. கோழிக்காரன் மட்டும் எழுதியிருக்கிறான், மிச்சக் கோழிகளின் பெயர் எங்கே என்று.

தொலைந்தது சனியன், வேலை முடிந்து போய்விட்டான்கள் என்று சுகந்தியிடம் சொன்னேன். சொன்னபிறகுதான், என்ன வேலை முடிந்தது என்று யோசித்தேன்.

ஒக். 15, ஞாயிறு

பார்வதி அக்கா வழக்கத்தை விட முன்னாலேயே வந்துவிட்டது. தீபாவளி அட்வான்ஸில் மோகனுக்கு எடுத்த சட்டையைக் காட்டியது. நீலத்தில் கோடு. கடையில் வேறு இரண்டு பேர். அவர்கள் போகட்டும், சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கூண்டுக்குள் போய் நின்று, நம்பரை அடிங்க தம்பி என்றது. அடித்தேன். இந்தத் தடவை உடனே எடுத்தார்கள்.

நான் ஒரு நிமிடத்தையும் கூவவில்லை.

அக்கா வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. மோகன் கடையில் இல்லையாம், முதலாளிதான் பேசினாராம். வெள்ளிக்கிழமை சாயந்திரமே இரண்டு பையன்கள் வேனில் வந்து, இங்கே படுக்கவேண்டாம், நல்ல இடம் பார்த்திருக்கிறோம் என்று மோகனைப் பையோடு கூட்டிப்போனார்களாம். இவன் முதலில் தயங்கினானாம். அவர்கள் பேசின பேச்சைக் கேட்டபிறகு ஏறிவிட்டானாம்.

"அசல் நம்ம ஊரு பேச்சாம் தம்பி. என்னாங்க, வாங்கன்னு, கேக்கவே ஆசையா இருந்துச்சாம் மொதலாளிக்கு."

சுகந்தி கொம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா சட்டையை மடித்து, தலையில் போட்டிருந்த கொங்காணிக்குள் வைத்தபடி கேட்டது:

"பூபதிராஜா மாமா அனுப்புனாருன்னு சொன்னாங்களாம். யாரு தம்பி அது? யாரா இருந்தாலும் அந்த மகராசன் நல்லா இருக்கணும்."