யெப்தாவின் மகளுக்குப் பெயரில்லை

என் பிரியமான அப்பா,

உங்கள் மேல் போட்ட மண் இன்னும் காயவில்லை. கார்த்திகைத் தீபக் கூட்டத்தில் வண்டி நகராமல், ஊரைச் சுற்றித்தான் கல்லறைக்கு வந்தோம். திருவண்ணாமலையே அரோகரா போட்டுக்கொண்டிருந்தபோது, சபை உபதேசியாரான உங்களைக் குழியில் இறக்கினோம்.

போதகர் புதிய ஏற்பாட்டு நிருபத்திலிருந்து விசுவாச வீரர்களின் வரிசையை வாசித்தார். ஆபேல், நோவா, ஆபிரகாம் என்று போய், யெப்தாவின் பெயரும் வந்தது. "நம்ம உபதேசியாரும் இந்த வரிசையில நிக்கறவருதான்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

யெப்தாவின் கதையை அக்காவுக்கும் எனக்கும் சொன்னதே நீங்கள்தானே? போரில் ஜெயித்துத் திரும்பினால், வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவதாகக் கர்த்தரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணினான். ஆடிக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். சொன்னபடியே அவளைப் பலி கொடுத்தான். பழைய ஏற்பாடு அவளுக்குப் பெயர் வைக்காவிட்டாலும் அவள் அழுததையாவது சொல்கிறது. பிற்காலத்து நிருபத்தில் அவளே இல்லை. தகப்பன் பெயர் மட்டும் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது.

எழுபத்தைந்தாம் வருஷம் நீங்கள் ரத்தமாக இருமினீர்கள். பிழைத்தால் மூத்த மகள் கல்யாணமில்லாமல் ஊழியம் செய்வாள் என்று பொருத்தனை பண்ணினீர்கள். பிழைத்தீர்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள்.

"பொருத்தனை பண்ணது நீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள் எஸ்தர் அக்கா.

"கர்த்தர்கிட்ட சொன்னது சொன்னதுதாம்மா."

யெப்தாவாவது துணியைக் கிழித்துக்கொண்டு அழுதான். நீங்கள் இஸ்திரி போட்ட ஜிப்பாவில் ஜெபக்கூட்டத்துக்குப் போனீர்கள்.

ஊழியமென்று டி.பி. வார்டில் அக்கா வருஷக்கணக்காக மற்றவர்களின் சளிக் கிண்ணம் கழுவினாள். பிறகு அவளே இருமினாள், செத்தாள். அவளுக்காக எதையாவது நேர்ந்துகொள்ள உங்களுக்குத் தோன்றவில்லையா? கொடுப்பதற்கு நான் ஒருத்தி மிச்சம் இருந்தேனே அப்பா.

உங்கள் கல்லறைக் கல்லில் விசுவாச வசனத்தை வெட்ட வேண்டும் என்கிறார்கள் சபையார். பிள்ளையென்று மிஞ்சியவள் நான் என்பதால் கல் வெட்டுகிறவர் என்னிடம்தான் கேட்டார்: "பேரு என்னன்னு போடணும்மா?" நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

வசனம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். உங்கள் பெயரும் கல்லில் இருக்காது. 'எஸ்தரின் தகப்பன்' என்று மட்டும் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் யார் அந்தத் தகப்பன் என்று கேட்டால், நான் உயிரோடு இருக்கும்வரை சொல்ல மாட்டேன். இது என் பொருத்தனை. சொன்னது சொன்னதுதான்.

இப்படிக்கு,
எஸ்தரின் தங்கை